அம்மை வீட்டில் காணாமல் போன பதினேழாம் தேதி

போன மாதம் நம் பள்ளிக்கூடத்து ஆட்கள் கூடிய இடத்தில் பேச்சு கொரோனாக் காலத்துக்குப் போனது. அப்போது நமக்கெல்லாம் இருபத்தைந்து வயது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களை எப்படி ஓட்டினோம் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். ஒருவர் மொட்டைமாடியில் மிளகாய்ச் செடி வளர்த்தார். ஒருவர் குக்கரில் கேக் சுட்டார். இன்னொருவர் கீபோர்டு வாசிக்கப் பழகி, பக்கத்து வீட்டுக்காரரை நிரந்தரப் பகையாக்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். “நீ என்னலே செஞ்ச?” என்று என்னைக் கேட்டபோது, காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

அந்த மாதங்களில் நான் எதையும் தொடவில்லை. படிக்கவில்லை, வரையவில்லை, சீட்டு ஆடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அடைத்துப் போட்டால் என் கை என்ன செய்யும் என்று பத்து வயதிலேயே தெரிந்துகொண்டவன் நான். அதை இப்போது எழுதுகிறேன். உங்களைப் போல இனிமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு திருத்தங்கலில் அம்மை இறங்கியது. எங்கள் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. ஒருநாள் காலை என் வயிற்றில் இரண்டு முத்து தெரிந்தது. மத்தியானத்துக்குள் முதுகெல்லாம் முத்து. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டினார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருவே எங்கள் வீட்டைச் சுற்றிப் போனது. பால்காரர் பாலைத் தெருமுனைக் கல்லில் வைத்துவிட்டுச் சத்தம் கொடுப்பார். குழாயடியில் எங்கள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளைகளிடம், “அந்த வீட்டுப் பக்கம் மூச்சு விட்டீக, தோலை உரிச்சிருவேன்” என்று எங்கள் காதில் விழும்படியே சொல்வாள்.

அம்மாவின் வயிற்றில் அப்போது தங்கை இருந்தாள். அம்மைக் காற்று படக்கூடாது என்று அவளை அன்றைக்கே வெம்பக்கோட்டையில் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா ஒரு தீப்பெட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கும் அம்மை போட்டதில்லை. அதனால் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். என்னோடு அறைக்குள் இருக்கத் தகுதியானவள் அந்த வீட்டில் ஒருத்திதான். சின்ன வயதிலேயே அம்மை போட்டு, நெற்றியில் தழும்போடு இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தையைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டு வருடம் முன்பு ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தவள். மாமா அடிப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப் பேசவில்லை. பேசியதெல்லாம் அவள் திரும்பி வந்ததைப் பற்றித்தான். மற்ற அத்தைகளையெல்லாம் ‘நீங்க’ என்று சொல்லும் நான் அவளை மட்டும் ‘நீ’ என்றேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

அறையில் பாய்க்கு அடியில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்தாள். தாளிப்பு கிடையாது, உப்புக் கிடையாது, டிவி கிடையாது. கஞ்சி, இளநீர், மறுபடியும் கஞ்சி. சொறிந்தால் வேப்பங்குச்சியால் புறங்கையில் ஒரு தட்டு.

“முத்தை உடைச்சின்னா என் மூஞ்சி மாதிரி ஆயிரும். அப்புறம் ஒனக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்?”

“ஒன்னையவே ஒருத்தன் கட்டிக்கிட்டான்ல?”

கஞ்சியை எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் தவழ்ந்து போய்த்தான் குடித்தேன். இப்படித்தான் எங்களுக்குள் அந்த நாட்கள் ஓடின.

எனக்கு ஒரே துணை என் லேபிள் நோட்டு. பழைய டைரி ஒன்றில் பட்டாசு லேபிள்களாக ஒட்டி வைத்திருந்தேன். குருவி வெடி, சாட்டை, தரைச்சக்கரம். அச்சகங்களின் குப்பையில் பொறுக்கியவை என்பதால் பெரும்பாலும் வர்ணம் விலகிப்போன கழிவுத் தாள்கள். ஒரு புலிக்கு மூக்கு இரண்டு இருக்கும். ஒரு கிளியின் பச்சை கிளியைவிட்டு அரை விரற்கடை தள்ளி நிற்கும். அந்த நோட்டைத் திறந்தால் மையும் மண்ணெண்ணெயும் பசையும் கலந்து ஒரு வாசம் வரும். வேப்பிலைக் கசப்புக்கு நடுவே அதை முகர்ந்துகொண்டே படுத்திருப்பேன். நிறம் பார்த்து ஒரு நாள் அடுக்குவேன், மிருகம் பார்த்து ஒரு நாள் அடுக்குவேன். அறைக்குள் பொழுது அதில்தான் போனது.

நாலாம் நாள் சாயங்காலம் பின்வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் சேர்மானம் பார்க்கிறவர். தினசரி காலண்டருக்குத் தேதித் தாள்களை ஒன்றிலிருந்து வரிசையாகச் சேர்த்துக் கட்டாக்கும் வேலைக்குத்தான் சேர்மானம் என்று பெயர். அவர்கள் மேசையில் உட்காரும் பெண்களில் பாதிப் பேருக்கு அம்மை. ஆர்டரோ நிற்காது, மார்கழி பிறப்பதற்குள் கடைகளுக்குப் போயாக வேண்டும். அதனால் மாதம் மாதமாகப் பிரித்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“முன்வாசல்ல வரலாம்னு பார்த்தேன், நீங்க பின்னாடி வரச் சொல்லீட்டீக” என்றார்.

“முன்னாடி மாடு கட்டியிருக்குண்ணே, முட்டும்” என்றாள் அத்தை. எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

ஜூன் மாதம் எங்களுக்கு வந்தது. முப்பது தேதிக்கு முப்பது பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஒரே தேதி ஆயிரம் தாள். அவர் போன பிறகு அப்பா ஜன்னலுக்கு வந்தார்.

“அம்மன் எறங்கியிருக்கிற வீட்டுல கூலி வேலை பார்க்கியா? ஒனக்குக் கூறு இருக்கா?”

“அம்மனா கஞ்சி காச்சுது? நாந்தானண்ணே காச்சுறேன்.”

“என் தங்கச்சி தாள் பொறுக்குறான்னு கம்பெனியில நாலு பேரு சிரிப்பான்.”

“என்னைய அந்த மனுசன்கிட்டத் திருப்பிக் கொண்டுபோய் விடுறேன்னு சொல்றீகள்ல, அதுக்குச் சிரிக்க மாட்டானா?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “தை பிறக்கட்டும். மாப்பிள்ளை ஆள் விட்டிருக்காரு. நான் வாக்குக் குடுத்தாச்சு.”

அன்றிரவு அல்ல, மறுநாள் காலையில்தான் அத்தை என்னிடம் தன் திட்டத்தைச் சொன்னாள். ஆள் இல்லாத வீட்டில் சந்தோஷத்தைச் சொல்ல அவளுக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். இந்த ஆயிரமும் சரியாக வந்தால் பிரஸ்ஸில் மேசையில் நிரந்தரமாக இடம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். சிவகாசியில் பல குடித்தனம் இருக்கும் ஒரு வளவுக்குள் அறையும் பார்த்து வைத்திருக்கிறாளாம். “ஒரு ரூமு, ஒரு அடுப்பு. உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிடலாம். தை பிறந்தா பிறந்துட்டுப் போகுது, என்னைய எவன் கொண்டு போவான்?” என்றாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, “கை சும்மா இருந்தாத்தான சொறியும். வா, இப்படி உக்காரு” என்று என்னையும் வேலையில் இழுத்தாள்.

ஒன்றிலிருந்து பதினைந்து வரை அவள். பதினாறிலிருந்து முப்பது வரை நான். பொட்டலங்களை அரைவட்டமாக வைத்துக்கொண்டு, விரல் நுனியை ஈரத்துணியில் தொட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தாள் எடுத்து இடது கையில் சேர்க்க வேண்டும். முடித்ததை அவளிடம் நீட்டினால், மேலே பதினாறும் அடியில் முப்பதும் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பருமன் பார்ப்பாள். தன் பாதியோடு சேர்த்து நூலால் கட்டுவாள். அவ்வளவுதான் சோதனை. முதல் இரண்டு நாள் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன். அரிப்பு மறந்துபோனது. “பய கை ஓடுதே” என்று ஒருமுறை சொன்னாள். அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை.

ஏழாம் நாள் முதல் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரில் குளித்துவிட்டு அறைக்கு வந்தால் நோட்டைக் காணோம். புறவாசலில் புகை. என் போர்வை, பழைய சட்டை, அதற்கு மேலே டைரி. நான் ஓடுவதற்குள் இரண்டு மூக்குப் புலி சுருண்டு கறுத்துப்போனது. வர்ணத்தாள் எரியும்போது ஓரத்தில் ஒரு பச்சைச் சுடர் வரும். அத்தை ஒரு குச்சியால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மைக்காரன் தொட்ட காகிதம்லே. வச்சிருக்கக் கூடாது.”

“அப்ப அது?” அறைக்குள் இருந்த தேதிப் பொட்டலங்களைக் காட்டினேன். “அதையும் நாந்தான தொட்டேன்? என் காகிதத்துக்குத்தான் அம்மை ஒட்டுமா, ஒன் காகிதத்துக்கு ஒட்டாதா?”

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவள் கோபம் அப்படி வந்தது.

“அது சோறு போடும். ஒன் குப்பை போடுமா? போலே உள்ள, விளங்காத பயலே!”

அந்த நோட்டை எரிக்கச் சொன்னது அப்பா என்று பல வருடங்கள் கழித்து அம்மா சொன்னாள். பையன் படிக்காமல் குப்பை பொறுக்குகிறான் என்று அவருக்கு வெகுநாளாகக் கோபமாம். அம்மை ஒரு சாக்கு. அத்தை குச்சியைப் பிடித்ததோடு சரி. இதை நான் என் தரப்பைக் குறைத்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. அப்பா எரித்திருந்தாலும் நான் அப்பாவை ஒன்றும் செய்திருக்க மாட்டேன். அத்தையைச் செய்யலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கேட்க ஆளில்லாதவள் யார் என்பது பத்து வயதுப் பையனுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாளிலிருந்து பதினேழாம் தேதியை எடுக்க ஆரம்பித்தேன். வரிசைப்படி பதினாறை எடுத்தேன், பதினேழையும் எடுத்தேன், ஆனால் பதினேழை மட்டும் கட்டில் சேர்க்காமல் பாய்க்கு அடியில் வேப்பிலைக்குள் நழுவவிட்டேன். கை போகிற போக்கு மாறவில்லை. பொட்டலம் மற்றப் பொட்டலங்களைப் போலவே குறைந்துகொண்டு வந்தது. ஏன் பதினேழு என்று கேட்டால், காரணமில்லை. மேலும் கீழும்தான் அவள் பார்ப்பாள். நடுவில் எது போனாலும் தெரியாது. ஒரு தாள் பருமனைக் கட்டை விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

சில தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்து வேகமாகப் புரட்டி, ஒரு மனிதன் ஓடுவது போலச் செய்து பார்த்தேன். ‘விளையாட்டுக்கு எடுத்தேன்’ என்று எனக்கு நானே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது அதை வைத்துத்தான். பொய். படம் வரைய முப்பது தாள் போதும். நான் எடுத்தது எழுநூற்றுக்கு மேல். ஒவ்வொரு கட்டையும் அவளிடம் நீட்டும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் அழுத்திப் பார்த்து, “சரி” என்று வாங்கிக்கொள்வாள். அந்தச் ‘சரி’யைக் கேட்பதுதான் என் பொழுதுபோக்காக இருந்தது.

அவள் பாதியில் ஒரு தவறும் இருந்திருக்காது. இரண்டு முறை எண்ணுவாள். எண்ணிக்கொண்டே, அந்த அறைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்வாள். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரு வாளி. “கண்ணாடி வேண்டாம், என் மூஞ்சி எனக்குத் தெரியும்.” நான் தலையாட்டிக்கொண்டே பதினேழை நழுவவிட்டேன்.

கட்டுகள் போயின. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, என் படுக்கை வேப்பிலையை நானே சுருட்டி ஒரு மூட்டையாக்கினேன். அதைக் குப்பையில் போடக்கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும். அம்மாவைப் பார்க்க வெம்பக்கோட்டைக்குப் புறப்பட்ட அப்பா, மூட்டையைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போய் அங்கே அணையில் விட்டுவிட்டு வந்தார். எழுநூற்றுச் சொச்சம் பதினேழாம் தேதித் தாள்களும் அதோடு போயின.

நாலைந்து நாளில் மொபெட் வந்தது. இந்த முறை முன்வாசலுக்கு. வரும்போதே சத்தம்.

“எம்மா, வெளிய வாங்க! பதினேழை எங்கம்மா? பன்னெண்டு மாசத்தையும் சேர்த்து, அட்டையில தச்சு முடிச்சாச்சு. பார்ட்டி புரட்டிப் பார்க்கான், பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு! ஒண்ணு ரெண்டு இல்ல, லோடு பூரா!”

அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தாள். “இருக்காதுண்ணே. நான் பார்த்துத்தான் கட்டினேன். மொத்தத்தையும் திருப்பிக் கொண்டாங்க, கூலி வேண்டாம், பிரிச்சுச் சேர்த்துத் தாரேன்.”

அவர் கொஞ்சம் இறங்கி வந்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். திட்டியிருப்பார், வேலையைத் திரும்பச் செய்ய வைத்திருப்பார், ஒரு மாதம் கழித்து மேசையில் இடமும் கொடுத்திருப்பார். ஆனால் அவர் நிமிர்ந்தபோது நிலைப்படியில் காய்ந்து தொங்கிய வேப்பிலைக் கொத்து கண்ணில் பட்டது. பிறகு வாசலில் நின்ற என்னையும் என் முகத்துப் பொருக்கையும் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தா இருந்த வீட்டுலயா இதைச் செஞ்சீக?”

அத்தை அண்ணாந்து அந்தக் கொத்தைப் பார்த்தாள்.

“அப்ப நீங்க விடலைம்மா. அவ எடுத்துக்கிட்டா. தனக்குன்னு ஒரு நாளை எடுத்துக்கிட்டா.” அவர் குரலில் கோபம் சுத்தமாகப் போய்விட்டது. அதுதான் மோசம். மனுசி செய்த தப்பென்றால் பேசித் தீர்க்கலாம். ஆத்தா கைவைத்த பிறகு யாரிடம் பேசுவது? “இனிமே தாள் கேட்டு வராதீக, தாயி. என் பிள்ளகுட்டி நல்லாருக்கணும்” என்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை நடந்துபோய், அங்கேதான் ஏறினார்.

அத்தை அறைக்குள் வந்தாள். பாயைத் தூக்கி உதறினாள். மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். பிறகு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, நெசத்தைச் சொல்லு. வைய மாட்டேன். நீ எதுவும் செஞ்சியா?”

அவள் கேட்டது அதட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது. நான் ‘ஆமாம்’ என்றிருந்தால் அவள் என்னை இழுத்துக்கொண்டு அந்த மொபெட்டின் பின்னால் ஓடியிருப்பாள். பையன் செய்த சேட்டை என்று தெரிந்தால் அவர் பயம் போயிருக்கும். எனக்கு அது அப்போதே தெரிந்தது.

“அம்மன்தான் அத்தே” என்றேன்.

மணிக்கட்டை விட்டாள்.

அப்பாவுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு கிடைத்திருக்க முடியாது. கட்டினவனை விட்டு வந்ததால்தான் ஆத்தாவுக்குக் கோபம் என்று சொல்லிவிட்டார். தை வரைகூடக் காத்திருக்கவில்லை. மாமா வந்து எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, அவளைச் சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அதே துணிப்பை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் அவள் அக்கினிச்சட்டி எடுக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். எடுத்தாள். கூட்டத்தில் எல்லோரும் ஆத்தாளை அழைத்துக் கத்திக்கொண்டு போக, அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, யாரிடமோ சண்டைக்குப் போகிறவள் போல நடந்தாள். நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டு பார்த்தேன்.

நான் படித்தேன், வெளியூரில் வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். அத்தையைக் கல்யாணங்களில் பார்ப்பேன். பந்தியில் தள்ளி உட்காருவேன். மாமா இருபது வருடம் கழித்துச் செத்தார். நான் சாவுக்குப் போய், பத்து நிமிடத்தில் திரும்பினேன்.

போன வருடம்தான் தைரியம் வந்தது. சாத்தூருக்குப் போனேன். அத்தைக்கு எண்பத்தாறு வயது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஐம்பது வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன்.

“என்ன? இந்தக் காது கேக்காது. அந்த மனுசன் அடிச்சதுல போச்சு. இங்கிட்டு வந்து சத்தமாச் சொல்லு.”

மறுபக்கம் போய் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். பாதி கேட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை நான் சொன்னது தெருவுக்கே கேட்டது. குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அந்தப் பதினேழாம் தேதியை நாந்தான் எடுத்தேன் அத்தே. அம்மன் இல்ல. நான்.”

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. ஒரு கட்டை முடித்தாள்.

“இம்புட்டு வருசமும் அவளைத்தான்லே வைஞ்சேன்” என்றாள். “ஒவ்வொரு அடிக்கும் அவளைத்தான் வைஞ்சேன். ஒரு விளக்கு ஏத்தலை அவளுக்கு. அவளும் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கா.”

“என்னைய மன்னிச்சிருங்க அத்தே.”

“எதுக்கு? மன்னிச்சா ஒனக்கு ராத்திரி தூக்கம் வரும். எனக்கு என்ன வரும்?” தண்டுகளைத் திரட்டித் தெருவில் எறிந்தாள். “எழுதுறவனாமே நீ, ஒங்கம்மா சொன்னா. ஒண்ணு செய். நான் போன பொறகு, அத்தை நல்லவ, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு மன்னிச்சிட்டான்னு எழுதிப்புடாதே. நான் மன்னிக்கலை. அப்படியே எழுது.”

கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை.

இந்த ஆவணியில் அவள் இறந்துபோனாள். அவள் என்னை மன்னிக்கவில்லை.